படபடப்பு மாத்திரை

பேருந்தை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகியும் அவருக்குக் கண்டக்டர் கண் போகவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்ப்பவனை முதுகை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இப்போது ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததால், அந்தக் கண்ணுக்கு அகப்பட்டது வீட்டுக்காரி ஒருத்திதான்.

தொற்று பரவ ஆரம்பித்த சமயத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டு, இனி இங்கே வராமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் போனிலேயே பார்த்தார். தினமும் போடுகிற மாத்திரைகள் தனி. சின்ன வெள்ளை மாத்திரை மட்டும் படபடப்பு வந்தால் போட. அவருக்குப் படபடப்பு வரவே இல்லை. ஆனால் அந்த அட்டை காலியாகிக்கொண்டே வந்தது.

காபியில் கலந்து கொடுக்கிறாளோ என்று சந்தேகம் தட்டியது. அவள் திரும்பிய நேரம் பார்த்து டம்ளரை மாற்றி வைத்தார். அவளோ முகம் மாறாமல் குடித்து முடித்தாள். சரியான கைகாரி என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அக்காவிடம் போனில் கிசுகிசுத்ததும் காதில் விழுந்தது. அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் தாங்கமாட்டார் என்றாள். நமக்கு நாள் குறித்துவிட்டார்கள், நம்மிடம்தான் சொல்லவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார்.

பழைய வித்தையைக் கையில் எடுத்தார். டிக்கெட்டைக் கிள்ளுவதுபோல அட்டையின் ஓரத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, கதவுக்குப் பின்னால் நின்றார். தெருவில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. அவள் ஓடிவந்து மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு எதுக்குடி அது?"

"உங்களுக்கு எதுக்குக் கொடுத்தாங்களோ, அதுக்குத்தான். படபடப்பு."

அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு ஆரம்பித்ததாம். உள்ளே விடமாட்டோம் என்று அவளை ஆஸ்பத்திரி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் இருட்டும்வரை நின்றாளாம். அதிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தூக்கம் இல்லை, சில நாள் இடது கை மரத்துப்போகிறது. படபடப்புக்கு இதுதான் மாத்திரை என்று டாக்டர் வாயாலேயே சொன்னாரே, அப்புறம் என்ன என்றாள்.

அவருக்குக் கூசிப்போனது. வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எல்லாரும் நல்லா இருக்காங்க சார் என்று சொன்னவர் இவர்தான்.

உடனே போன் போட்டார். டாக்டர் இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்தார்.

"வார்த்தை ஒண்ணுன்னா வியாதியும் ஒண்ணாம்மா? பயமா இருக்கலாம், இதயமாவும் இருக்கலாம். போன்ல எனக்குத் தெரியாது. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. இப்பவே வாங்க."

மருத்துவமனை கேட்டில் நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி என்றார் வாட்ச்மேன். அவள் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே வச்சுக்குங்க. உள்ள போறவங்களைவிட இங்க நிக்கிறவங்களுக்குத்தான் வேண்டியிருக்கும்."

கேட் மூடிக்கொண்டது. உள்ளே என்ன செய்கிறார்களோ, உண்மையைச் சொல்வார்களோ மறைப்பார்களோ என்று நினைக்கும்போதே அவருக்கு முதல் தடவையாக நெஞ்சு படபடவென்று அடித்தது. இது இதயமா, பயமா என்று அவருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"அன்னைக்கு இங்க நின்ன என் வீட்டுக்காரிக்கு நாற்காலி போட்டீங்களா?" என்று கேட்டார் கண்டக்டர்.

எந்த வீட்டுக்காரி என்று வாட்ச்மேன் விழித்தார். கண்டக்டர் உட்காரவில்லை.