கன்றுகளுக்குக் கடைசிப் பந்தி

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. பவளம் தன் புருசன் சிவமணியைத் திட்டியபோது, அவர்கள் குசினியில் அடுப்பருகே தேத்தண்ணி குடித்துக்கொண்டே களவெடுத்தேன். 1976 குளிர்காலம். ஊரைவிட்டுக் கடல் தாண்டி வந்த நாட்டில், குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு பால்பண்ணை.

2

முதல் தொடக்கம்: பொன்னிறப் புல்வெளியில் காலைச் சூரியன் தன்...

(கோடு போட்டு அடித்துவிட்டேன். ஊரில் புகையிலைத் தோட்டத்தில் முதுகு முறிந்த சிவமணிக்குப் புல் பொன்னாகத் தெரியாது. தீனியாகத்தான் தெரியும்.)

இரண்டாவது: கோடையில் தழைக்கும் கிக்குயுப் புல்லை வெட்டாமல் விட்டால், உறைபனி விழுந்ததும் நின்றபடியே காய்ந்துவிடும். குளிர்காலத் தீனி அதுதான். குயின்ஸ்லாந்துக்குப் புறப்பட்ட பண்ணை முதலாளி சொன்னது இவ்வளவே: திரும்பும்போது பால்குடி மறந்த கன்றுகள் தேறியிருந்தால் சிவமணிக்கு வேலையும் பண்ணை வீடும் நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள்.

3

சிவமணி ஊர் வழக்கப்படி கறவைப் பசுக்களை முதலில் மேயவிட்டான். இலையெல்லாம் அவற்றுக்கு. பின்னால் போன கன்றுகளுக்கு வெறும் தண்டு. வயிறு பானை, இடுப்பில் எலும்பு.

"இதென்னப்பா, இஞ்சயும் கலியாணவீட்டுப் பந்தியோ?" என்றாள் பவளம். "ஆம்பிளையள் திண்டெழும்பினாப் பிறகு எங்களுக்குச் சட்டி வழிச்சுப் போடுற மாதிரி!"

"பால் குறைஞ்சா முதலாளி கேப்பான்."

"கண்டுக்குட்டி செத்தாக் கேக்கமாட்டானோ? நீங்கள் ஒருநாளெண்டாலும் கடைசிப் பந்தியில இருந்தனீங்களோ?"

"எங்க, உன்ர கொம்மா விட்டாத்தானே! மருமோன் எண்டு இழுத்து முதல் பந்தியில இருத்திப்போடுவா."

(இங்கே சிவமணிக்கு ஞானம் பிறந்ததாக ஒரு பத்தி எழுதினேன். பிறக்கவில்லை. மனிசியின் வாய்க்குப் பயந்துதான் மறுநாள் கன்றுகளை முதலில் விட்டான்.)

4

கன்றுகள் இலையாகப் பொறுக்கித் தின்றன. மிச்சத் தண்டைப் பசுக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றன. (மாடு முகம் சுளிக்குமா? பவளம் சுளித்தது என்கிறாள்.) கன்றுகளின் முதுகு மினுங்கியது. பால் குறைந்தது. இரண்டும் உண்மை, ஒன்றை மறைத்தால் கதை சுலபமாகிவிடும்.

5

முடிவு அ: முதலாளி ஒரு கன்றின் முதுகைத் தட்டிச் சிரிக்கிறான்.

முடிவு ஆ: பால்தொட்டியைத் திறந்து...

இரண்டும் வேண்டாம். முதலாளிமாரின் மனசை எழுத எனக்கு வராது. வேலிக்கு அந்தப் பக்கம் நான் நின்றதில்லை. முதலாளியின் இடத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். காரை விட்டு இறங்கியாயிற்று. சிவமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறான். கன்றுகளைப் பாருங்கள். பால்தொட்டியையும் பாருங்கள். பிறகு சிவமணிக்குச் சொல்லுங்கள், இருக்கவா, போகவா என்று.

கொஞ்சம் சத்தமாக. குசினிக்குள் நிற்பவளுக்கும் கேட்க வேண்டும்.