ஒரு குறையும் இல்லாத வீடு

அம்மாவுக்குப் புரியக்கூடாத பேச்சையெல்லாம் தேவநாதனும் ஆதிலட்சுமியும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்சாலையை ஒட்டிய காலனியில் ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் அவர்கள் இருவர், அவனுடைய அம்மா ராஜாம்பாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? அவன் பாத்திரங்களுக்குப் பூசும் மெருகைச் சோதித்துப் பார்க்கும் லேபில் இருந்தான். அவள் சிதம்பரத்தில் பி.ஏ. இலக்கியம் படித்தவள்.

"வெள்ளக்காரன் போயி இருவது வருசம் ஆச்சு. எங்க வூட்டை வுட்டு மட்டும் இன்னும் போவல" என்று ராஜாம்பாள் பக்கத்து வீட்டுப் பூவாயியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் மணிமுத்தாற்று மணலில் போய் உட்காருவார்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு இங்கிலீஷ் சொற்களை எடுத்துப் போட்டு, ஆதிலட்சுமி வித்தியாசம் கேட்பாள்.

"ஸீக்கும் லுக்குக்கும் என்னாங்க வித்தியாசம்?"

"ரெண்டும் பாக்குறதுதான்."

"அதான் இல்ல. கண்ணு தொறந்திருந்தாலே ஸீ. மனசும் கூட வந்தாத்தான் லுக்."

"அப்ப நான் உன்னை என்ன பண்றேன்?"

"இப்போ லுக். பாக்டரியிலேர்ந்து வர்றப்போ வெறும் ஸீ."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் பாதிதான் சிரித்தாள் என்பதை அன்று அவன் கவனிக்கவில்லை.

தொழிற்சாலைக்குப் புதுச் சூளை வந்தது. வேலை கூடியது. ஆற்று மணல் மறந்துபோனது. வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், படுப்பான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்த வீட்டில் இங்கிலீஷும் குறைந்தது, தமிழும் குறைந்தது. ஒருநாள் தட்டை எடுக்க வந்தவள், அம்மா பக்கத்தில் இருந்ததால், தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் சொன்னாள்.

"யூ ஹியர் மீ. யூ டோண்ட் லிஸன்."

காதில் விழுகிறது, கேட்கத்தான் இல்லை என்கிறாள். அதற்கு அவன் சொன்ன பதில் ஒரே சொல்: "டயர்ட்."

அடுத்த மாதம் தன் தம்பி கல்யாணத்துக்குத் தாய்வீட்டுக்கு, திட்டக்குடிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அங்கே ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் வேலை ஒன்று தற்காலிகமாகக் கிடைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். சரி, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அவனும் இருந்துவிட்டான்.

அப்போதுதான் ராஜாம்பாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். கால் முறிந்து, முட்டிக்கு மேல்வரை மாவுக்கட்டு.

"உங்க பாக்டரியில கோப்பைக்கு அச்சுப் புடிக்கிற மாவைத்தான்டா எனக்கும் பூசி வெச்சிருக்கானுவ" என்று முனகினாள். அடுப்பு பற்றவில்லை. துணி மலைபோலக் குவிந்தது. இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தேவநாதன் திட்டக்குடி பஸ் ஏறினான்.

மாமனார் கொளஞ்சியப்பன் வாசலுக்கே வந்து, "வாங்க மாப்ள" என்று அழைத்துப்போய் உட்காரவைத்தார். ஆதிலட்சுமி டீ கொண்டுவந்து வைத்தாள். இளைத்திருந்தாள். புடவையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. அம்மாவின் கால் பற்றிக் கேட்டதும் அவள் முகம் வாடியது உண்மை.

"வா ஆதி, வூட்டுக்குப் போவலாம். நீ வேணும்" என்றான், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை.

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வெகுநாள் கழித்து, இங்கிலீஷுக்கு மாறினாள். "நீட்-ஆ, வாண்ட்-ஆ?"

தமிழில் இரண்டுக்கும் வேண்டும் என்ற ஒரே சொல் போதும். மாத்திரையும் வேண்டும், மல்லிகைப் பூவும் வேண்டும். ஆனால் அவள் கேட்டது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆள் இல்லாமல் காரியம் ஓடாது என்று வந்திருக்கிறாயா? இல்லை, காரியம் எதுவும் இல்லாவிட்டாலும் வந்திருப்பாயா?

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். லேபில் ஒரு துளி கூடக்குறைய எழுதிப் பழகாத மனுஷன். கண்ணுக்குள் அம்மாவின் காலும் பற்றாத அடுப்பும் வந்து நின்றன.

"நீட்" என்றான்.

அவள் தலையாட்டினாள். கோபம் இல்லை. "உண்மையச் சொன்னீங்க. அதுவே பெரிசு" என்றாள். பஸ்ஸில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அத்தைக்கென்று தனியாக முறுக்கும் கொடுத்தாள். கூட மட்டும் வரவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவன் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் கஞ்சி, மறு வாரம் களி, அப்புறம்தான் சோறு. துணி துவைக்கப் பூவாயி ஒத்துக்கொண்டாள். அம்மாவைக் குளிக்கவைக்கவும் அவளே வந்தாள். காலையில் அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவான். மத்தியானம் ஓடிவந்து சோறு போட்டுவிட்டுத் திரும்புவான். சாயங்காலம் குழம்பு தாளிப்பான். கடுகு வெடிக்கும் சத்தம் அடங்கிவிட்டால் வீட்டில் வேறு சத்தமே கிடையாது. ஆதி இத்தனை வருஷம் இதே அடுப்படியில், இதே அமைதியில்தானே நின்றிருந்தாள் என்று ஒருநாள் தோன்றியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் நின்றான். குழம்பு அடிப்பிடித்தது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ராஜாம்பாள் சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை, தேவநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"எங்கடா?"

"திட்டக்குடிக்கு."

"இப்ப எதுக்குடா போற? சோறு நீயே ஆக்குற. துணி பூவாயி தொவைக்கிறா. என் காலும் நேராயிட்டுது. வூட்ல இன்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்லம்மா. அதான் போறேன்."

ராஜாம்பாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியம்" என்றாள். பிறகு, "முறுக்கு நல்லா இருந்துச்சின்னு சொல்லு" என்றாள்.

அரைநாள் ஸ்கூல் விட்டு ஆதிலட்சுமி குடையோடு வந்துகொண்டிருந்தாள். வழியிலேயே அவனைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அத்தைக்கு என்னாங்க?"

"நல்லா நடக்குறாங்க."

"சாப்பாடு?"

"நான்தான். வத்தக்குழம்பு வரைக்கும் வந்துட்டேன்."

"துணி?"

"பூவாயி."

அவள் குடையை மடக்கினாள். "எல்லாம் ஒழுங்கா இருக்குது. அப்ப நான் எதுக்குங்க?"

"எதுக்கும் இல்ல" என்றான் தேவநாதன்.

அவள் கண் நிறைந்ததை அவன் பார்த்தான். வெறுமனே பார்க்கவில்லை. அந்த நாலு வருஷத்தில் பார்க்காமல் விட்டதையும் சேர்த்துப் பார்த்தான். அவளும் அதைக் கண்டுகொண்டாள்.

"பரீட்சை வருது. பிள்ளைங்களைப் பாதியில வுட்டுட்டு வர முடியாது" என்றாள். "சித்திரையில ஸ்கூலு மூடுவாங்க. அப்ப வரேன். கூட்டிட்டுப் போவ நீங்க வராதீங்க. நானே வரேன்."

"அங்கயும் ஸ்கூலு இருக்குது. விசாரிச்சு வெக்கட்டுமா?"

"வைங்க."

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். பஸ் நகரும்போது குடையை விரித்துக்கொண்டாள். அந்தக் கறுப்புக் குடை மறையும்வரை அவன் ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுக்கவில்லை. பிறகு பக்கத்து இருக்கை காலியாக இருப்பது தெரிந்தது. வந்தபோதும் காலியாகத்தான் இருந்தது. இப்போதுதான் அது உறுத்தியது.

வீட்டில் சோறு போட்டுவிட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"சித்திரைக்கா? இன்னும் எவ்ளோ நாளு கெடக்குது!" ராஜாம்பாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "டேய், எதனா ரெண்டு வார்த்த இங்கிலீசுல பேசேன்."

"யாருகிட்டம்மா பேசுறது?"

"என்கிட்டத்தான். புரிஞ்சாத்தானா? வூடே வெறிச்சோன்னு கெடக்குது."

அவன் அம்மாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். பிறகு, அன்றைக்குத் திட்டக்குடித் தெருவில் சொல்லாமல் விட்டதை, நிறுத்தி நிறுத்தி, அம்மாவிடம் சொன்னான்.

"ஐ வாண்ட் ஹர்."

ராஜாம்பாள், கதை கேட்பவளைப்போல, "உம்" என்றாள்.