ஒற்றைக் கொலுசு

மொட்டைமாடிக் கொடியில் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நுஸைபாவுக்கு அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். நீங்கதான் கதை எழுதுறவங்களா என்று கேட்ட குரலில் மரியாதை இருந்தது. வாசகர் யாரோ என்று நினைத்துச் சிரித்தபடியே ஆமாம் என்றாள். செல்போன் செயலியில் வாராவாரம் அவள் எழுதிவந்த கொலைக்கதையை அவனும் படிக்கிறானாம். தோப்புக் கிணற்றில் ஒரு பெண் பிணமாக மிதப்பாள், காலில் ஒற்றைக் கொலுசோடு. தவறி விழுந்தாள் என்று ஊர் சொல்லும், புருஷன் தள்ளிவிட்டான் என்று கதை சொல்லும்.

"எங்க தங்கச்சியும் அப்படித்தான் கெடந்தா. கால்ல ஒத்தக் கொலுசு. அது பேப்பர்ல கூட வரல. ஒங்களுக்கு யாரு சொன்னாக்கா?"

யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடியும் அடித்தது. எடுக்காமல் விட்டதும் ஒரு செய்தி வந்தது. பேகம்பூரில் அவள் வீடு எந்தத் தெருவில், பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று அதில் சரியாக எழுதியிருந்தது. போர்வையை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்து வாசல் கதவைத் தாழிட்டாள். கணவன் இஷாக் தோல் லோடோடு ராணிப்பேட்டைக்குப் போயிருந்தான். அவனிடம் சொன்னால் முதல் வேலையாக எழுத்தை நிறுத்தச் சொல்வான். மகள் ட்யூஷனிலிருந்து திரும்பும் நேரம் வேறு. தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

அவளுக்குச் சொல்ல ஓர் இடம் இருந்தது. திண்டுக்கல் பக்கம் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள், அவளையும் சேர்த்து நாலு பேர், ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதற்கு 'பிணவறை' என்று பெயர் வைத்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ் மலர்விழி. வக்கீல் குமாஸ்தா ஸ்டீபன்ராஜ் ஒருவர், ஆத்தூரில் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கும் ராமர் இன்னொருவர். எந்த விஷம் கசக்காது, பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படிப் போனான் என்று நாள்முழுக்கக் கேலியும் கிண்டலுமாக ஓடும் குழு அது. அன்றைக்கு அவள் நடந்ததை எழுதிப் போட்டதும் ஒருவரும் கேலி செய்யவில்லை. 'பூட்டிக்க, வாரேன்' என்று மலர்விழிதான் முதலில் போட்டாள். டியூட்டி உடுப்போடு வந்தவள், வரும் வழியில் நுஸைபாவின் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

மற்ற இருவரும் வந்து சேர்ந்ததும் பேச்சு நடந்தது. போலீசுக்குப் போய்விடலாம் என்றார் ஸ்டீபன்ராஜ். ராமர் மட்டும் தயங்கினார். "கொல்ல வாரவன் போன் போட்டு விசாரிக்க மாட்டான். நம்ம கதையில வேணா விசாரிப்பான்" என்றார். முதலில் அவனைக் கேட்போம், ஆனால் நாலு பேரும் சேர்ந்து பகலில், கூட்டமுள்ள இடத்தில் என்று முடிவானது. ஸ்டீபன்ராஜே அவனுக்குப் போன் செய்து பேருந்து நிலையத்து டீக்கடைக்கு வரச் சொன்னார். அன்றிரவு மலர்விழி நுஸைபா வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வந்தவனைப் பார்த்தபோது நுஸைபாவுக்குச் சந்தேகமாக இருந்தது. இவனா? பெயர் முனியப்பன், சேவுகம்பட்டிக்காரன், தேங்காய் வெட்டப் போகிறவன். மெலிந்த உடம்பு, தூங்காத கண். டீயைத் தொடவில்லை. வீடு தெரிந்ததெப்படி என்று கேட்டதற்கு, அவள் பேசிய ஒரு விழாவின் அழைப்பிதழில் நம்பரும் விலாசமும் கிடைத்தன என்றான். மிரட்டவேண்டும் என்று எழுதவில்லையாம். பிறகு நுஸைபாவை நேராகப் பார்த்தான்.

"கடைசி அத்தியாயம் இன்னும் வரலையேக்கா. புருசன என்ன செய்யப் போறீங்க? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அதுவரை தன் உயிருக்கு என்று பயந்திருந்தவளுக்கு இப்போது வேறொரு பயம் வந்தது. எங்கோ ஒரு வீட்டில் அந்தத் தங்கையின் புருஷன் இந்நேரம் சோறு தின்றுகொண்டிருப்பான். அவன் குற்றவாளியோ இல்லையோ, தன்னுடைய ஒரு வரிக்காக இவன் காத்திருக்கிறான். எல்லாமே கற்பனை என்று திக்கித் திக்கிச் சொன்னாள். கற்பனையில் எப்படி ஒத்தக் கொலுசு வரும் என்றான்.

"கொலுசு நான் சொன்னது," என்றாள் மலர்விழி. "ஆஸ்பத்திரிக்கு வந்த வேற ஒரு புள்ள காலுல பாத்தேன். இவளுக்குச் சொன்னேன்."

அது பொய். கொலுசு, பாத்திரம் கழுவும்போது நுஸைபாவுக்குத் தானாகத் தோன்றியது. மறுக்க வாயெடுத்தவளின் முழங்காலை மேசைக்கடியில் மலர்விழியின் கை அழுத்தியது. கதையில வர்ற கிணறு எங்க தோட்டத்துக் கிணறுதான் தம்பி என்றார் ராமர். புருஷனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவழைத்தது தன் யோசனை என்றார் ஸ்டீபன்ராஜ். அவை இரண்டும் உண்மை. யார் கதை முட்டி நின்றாலும் மற்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுப்பது அவர்களுக்குள் வழக்கம்.

முனியப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். கோபப்படுவான் என்று நுஸைபா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தாள். அவன் குரல் இன்னும் இறங்கிப்போனது.

"அப்ப எங்க தங்கச்சி செத்தத யாருமே பாக்கலயா?"

வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம், நானே எழுதித் தருகிறேன், கூடவும் வருகிறோம் என்று ஸ்டீபன்ராஜ் பொறுமையாகச் சொன்னார். அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் ஊர்ப் பக்கம் போகும் வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றதும் எழுந்து, பெஞ்சுக்கடியில் கைவிட்டு ஒரு நைலான் பையை எடுத்தான். உள்ளே செய்தித்தாள் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று, மேலே மரப்பிடி மட்டும் தெரிந்தது. தேங்காய் வெட்டுகிறவன் பையில் அரிவாள் இருப்பதில் அதிசயமில்லை. ஆனாலும் அவனுக்கு இன்றைக்கு வேலை உண்டா, தங்கையின் புருஷன் ஊர் எந்த நிறுத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் நுஸைபாவுக்கு உறைத்தது. அதற்குள் அவன் பஸ் படியில் கால் வைத்திருந்தான்.

ராமர் எழுந்தார். அவர் போகவேண்டிய பஸ் அதுவல்ல. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே ஏறினார். கூட்டத்துக்குள் புகுந்து ஜன்னலோரம் எப்படியோ ஓர் இடம் பிடித்துவிட்டார். முனியப்பன் கம்பியைப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றான்.

"பையக் குடுப்பா. மடியில வச்சுக்கிறேன்."

நிற்கிறவர்களிடம் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அவன் கொடுக்கவில்லை. ராமரின் கை நீண்டு பையின் ஒரு காதைப் பற்றியது, மறு காது அவன் விரல்களில் இருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் திரும்பி வெளியேறும்வரை நுஸைபா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் பையை விடவில்லை.