இரண்டாவது படம் எனக்கு

என் தங்கை யாரைப் படம் எடுத்தாலும் இரண்டு முறை எடுப்பாள். அதை முதலிலேயே சொல்லியும் விடுவாள்: "முதல் படம் உங்களுக்கு. ரெண்டாவது எனக்கு."

முதல் படத்துக்கு ஆட்கள் தலைவாரி, வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதை எடுத்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கேமரா மடியில் இருக்கும். அரைமணி போகும், ஒருமணி போகும். வயிறு தன் இடத்துக்குத் திரும்பும். ஆள் அவளை மறந்து வேலையில் இறங்குவார். அப்போது எடுப்பதுதான் இரண்டாவது.

எங்கள் கடைத்தெருச் சங்கம் புதுக் கட்டடம் கட்டியது. மாடி ஹாலின் ஐம்பதடிச் சுவரில் நிர்வாகக் குழுவினர் பன்னிரண்டு பேரையும் ஆளுயரப் படமாக மாட்டுவதென்று தீர்மானம். வாளிக்கடைக்காரனான நானும் அதில் ஒருவன். போட்டிக்குப் பெரிய ஸ்டுடியோக்காரர் ஒருபக்கம், தங்கை மறுபக்கம். பத்து வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தே பிழைத்தவள். தன் வழியில் எடுத்ததை ஊர் பார்க்க மாட்டுவதற்கு அவளுக்கு ஒரு சுவர் வேண்டும். இது கைவிட்டுப் போனால் அடுத்த சுவருக்கு எங்கே போவாள்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஸ்டுடியோக்காரர் முதலில் விரித்தார். தன்னிடமிருந்த ஒரே கோட்டை எல்லோருக்கும் மாட்டி எடுத்திருந்தார்.

"என்னப்பா, பன்னெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கோம்," என்றார் கயிற்றுக்கடைக்காரர்.

"பொறந்திருந்தா சொத்துத் தகராறுல சங்கம் எப்பவோ ஒடஞ்சிருக்கும்," என்றார் தராசுக்கடைக்காரர்.

அடுத்து தங்கை தன்னுடைய இரண்டாவது படங்களைப் பரப்பினாள். கயிற்றுக்கடைக்காரர் கயிற்று நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுகிறார். பூட்டுக்கடைக்காரர் நாக்கைத் துருத்தியபடி ஏழாவது சாவியை முயன்று பார்க்கிறார். சங்கத் தலைவரான துணிக்கடை முதலாளி, அளவுகோலைச் சட்டைக்குள் விட்டு முதுகு சொறிகிறார். கண் பாதி மூடி, முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் வாளியைத் தலைக்கு மேல் கவிழ்த்து, வெளிச்சம் கசிகிறதா என்று ஓட்டை தேடுகிறேன். படத்தில் எனக்குக் கழுத்துக்கு மேல் வாளிதான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மத்தவங்க படமெல்லாம் பிரமாதம்மா. அப்படியே உயிரோட இருக்கு. என்னோடத மட்டும் எடுத்துடு."

"உங்களோடதுதான் தலைவரே இருக்கறதுலயே அருமை," என்றார் பூட்டுக்கடைக்காரர். "எடுக்கணும்னா என்னோடத எடுக்கட்டும்."

ஆளாளுக்குத் தன் படத்தை மட்டும் கழிக்கச் சொன்னார்கள். எல்லாரையும் கழித்தால் மிஞ்சுவது கோட்டுதான். ஸ்டுடியோக்காரர் முகத்தில் சிரிப்பு அரும்பியது. அதை நானும் பார்த்தேன். இருந்தும், "அந்த வாளிய மட்டும்..." என்று வாயெடுத்தேன். தங்கை பார்த்த பார்வையில் வாய் தானே மூடிக்கொண்டது.

"சங்க விதிப்படி எது செல்லும்? பெரும்பான்மைதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அதுக்கென்ன?" என்றார் தலைவர்.

"அப்போ ஒவ்வொரு படமா கை தூக்குங்க."

கயிற்றுப் படத்தைத் தூக்கிக் காட்டினாள். பதினோரு கைகள் உயர்ந்தன. கயிற்றுக்கடைக்காரர் கை மட்டும் மடியில். தராசுக்குப் பதினொன்று. அடுத்ததற்கும் பதினொன்று. நாலாவது படத்தில், இப்படியே போனால் தன் படமும் தப்பாது என்பது தலைவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அடுத்து வந்தது பூட்டுக்கடைக்காரரின் நாக்கு. அதைக் காலமெல்லாம் சுவரில் பார்க்கிற சுகத்தை விட மனமில்லாமல் அவரும் கை தூக்கினார்.

வாளிக்கு மட்டும் பன்னிரண்டு. அதில் என் கையும் ஒன்று.

கடைசியாக முதுகு சொறிகிற படம். அவள் அதைத் தூக்கிக் காட்டும் முன்பே பதினோரு கைகளும் மேலே இருந்தன.

"எண்ணிக்குங்க தலைவரே," என்றார் பூட்டுக்கடைக்காரர்.

"தெரியுது, தெரியுது. கையக் கீழ போடுங்கப்பா," என்று தலைவர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார்.

மறுவாரம் தங்கை ஹாலில் நின்று, ஏணி மேலிருந்த தச்சரை, "இன்னும் ரெண்டு விரல் மேல" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதடிச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. அத்தனையும் அவள் எடுத்தவை.