எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை

வெந்நீரில் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிய குழந்தையை ஸ்டெபி குளியலறை வாசலில் நின்று நீட்டினாள். ராஜரத்தினம் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைகளுக்குள் விட்டுக்கொண்டான்.

"கை ஐஸா இருக்குது ஸ்டெபி. பாப்பாவுக்குச் சேராது."

நேற்றும் அதையேதான் சொன்னான். அவள் ஈரக்காலோடு நடந்து வந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் கட்டிலில் குழந்தையைக் கிடத்தித் துவட்ட ஆரம்பித்தாள். ஆபரேஷன் செய்த வயிறு குனியும்போது இன்னும் இழுத்தது. ஒரு கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஜனவரி மாதம், காந்தலில் காலை எட்டு மணிக்கும் வாசல் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. சோலூரில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் இறக்கிவிட்டு வரும் பிக்கப் டிரைவரின் கை சில்லிட்டிருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை பிறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. மத்தியானம் வெயில் அடிக்கும்போதும், அடுப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதும், அவனுக்குக் கை சில்லென்றுதான் இருந்தது.

கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ஸ்டெபி அழவில்லை. வழியில் பேக்கரியில் இறங்கி அவனுக்குப் பிடித்த தேங்காய் பன் வாங்கினாள். அவள் கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்த பேக்கரி அது. வண்டியில் ஏறி உட்கார்ந்து பன்னைப் பிட்டு அவன் வாயில் வைத்துவிட்டு, "ஆண்டவர் குடுத்தா குடுக்கட்டும். குடுக்காட்டி என்னங்க, நீங்க இருக்கீங்கல்ல" என்றாள். அப்பா அம்மா இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன் அவன். அவனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அன்று இரவிலிருந்து அவனுடைய ஜெபமெல்லாம் ஸ்டெபிக்காக மட்டுமே இருந்தது. இவளைக் கொடுத்தீரே, இவளைக் கொடுத்தீரே என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வான்.

வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் வந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குழந்தைக்கு ஞானஸ்நானம். டீயைக் குடித்துவிட்டு, "ஞானஸ்நானம் முடிஞ்சதும் நீங்க ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லோணும் தம்பி. ஜன்னி கண்ட தாயும் பொழைச்சு, பிள்ளையும் பொழைச்சிருக்குது. சபையில நாலு பேர் கேட்டா விசுவாசம் வளருமல்ல?" என்றார். அவன் தலையை ஆட்டினான். கிளம்பும்போது போதகர் குழந்தையின் தலையில் கை வைத்து, "ரெண்டு உசுரையும் கேட்டபடியே திருப்பிக் குடுத்த ஆண்டவரே" என்று ஜெபத்தைத் தொடங்கினார். கேட்டபடியே என்ற சொல்லைக் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்துவிட்டான். குழந்தை அவனையே பார்ப்பதுபோல இருந்தது.

போதகரை வழியனுப்பிவிட்டு வந்தபோது ஸ்டெபி கதவைச் சாத்தினாள்.

"பொண்ணாப் பொறந்துட்டாளேன்னா?"

"என்ன ஸ்டெபி பேசற?"

"பின்ன ஏனுங்க தொட மாட்டேங்கறீங்க? எங்கம்மா குன்னூருக்குப் போறப்பக் கேட்டுட்டுத்தான் போச்சு. மாப்பிள்ளை பிள்ளைய எடுத்தே நான் பாக்கலையேன்னு. நான் உங்களுக்காக எத்தனை பொய் சொல்றது?"

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றும் தோன்றியது.

அன்று ஆஸ்பத்திரியில் பகல் இரண்டு மணி இருக்கும். ஸ்டெபிக்கு பிரஷர் ஏறி ஜன்னி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பெல்லாம் வெட்டி இழுத்ததைக் கண்ணால் பார்த்திருந்தான். காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோனார்கள். "ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பாக்கறோம்" என்றார் டாக்டர். அந்த 'பாக்கறோம்' என்பதைக் கேட்டபிறகு அவனால் அந்தக் கதவருகே நிற்க முடியவில்லை. வராந்தாக் கடைசியில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே போனான். ஏற்கெனவே ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இருபத்தெட்டு வயதிருக்கும். சட்டையில் தேயிலைக் கறை. பேர் விஜயன் என்றான். சேரங்கோட்டில் தேயிலைத் தோட்ட வேலை. அவன் அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். மனைவி ரஞ்சனியைக் கூடலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இங்கே அனுப்பிவிட, 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருக்கிறான். அவளும் உள்ளேதான் இருந்தாள்.

ராஜரத்தினத்தின் கழுத்திலிருந்த சிலுவையை விஜயன் பார்த்தான். "அண்ணே, நீங்க வேதக்காரவுங்களா? எங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்கண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வேலை செய்து காய்த்துப்போன கை. கொதித்துக்கொண்டிருந்தது.

ராஜரத்தினம் கண்ணை மூடினான். வாய் ஏதோ சொன்னது. தாய்மாரைக் காத்துக்கொள்ளும், வைத்தியர்களின் கையை ஆசீர்வதியும் என்று ஆலயத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியங்கள். ஆனால் அதற்கு அடியில் அவனுடைய சொந்த ஜெபம் ஓடியது. பிள்ளையை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே. பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும். ஸ்டெபியை மட்டும் விட்டுவிடும்.

கால் மணி நேரத்தில் நர்ஸ் வந்து, "ஸ்டெபி ஊட்டுக்காரர் யாருங்க? பொண்ணு பொறந்திருக்குது. அம்மாவும் இருக்காங்க" என்றாள். அதற்கு அப்புறம் விஜயனைக் கூப்பிட்டார்கள். அவன் வெளியே வரும்போது வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையிலும் வைத்திருந்தான். ஆண் குழந்தை. அழவே இல்லையாம். அவன் நேராக ராஜரத்தினத்திடம் வந்து, "ஒங்களுக்கு நல்லபடியா ஆச்சாண்ணே?" என்று கேட்டான்.

அப்போதுதான் ராஜரத்தினத்துக்குப் பொறி தட்டியது. என் பிள்ளை என்று ஜெபத்தில் அவன் சொல்லவில்லை. பிள்ளையை எடுத்துக்கொள்ளும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்திருந்தது விஜயனுடைய கை.

அவன் அன்று நடந்ததையெல்லாம் ஸ்டெபியிடம் சொல்லி முடித்தான்.

"இன்னொண்ணும் இருக்குது" என்றான் அவன். "நீ ஐசியுல நாலு நாள் நெனப்பில்லாமக் கெடந்தல்ல. பாப்பாவுக்குப் புட்டிப்பால் ஒத்துக்கல. குடிச்சதையெல்லாம் கக்கிருச்சு. மூணாவது நாள் அத்தை துணி எடுக்க ஊட்டுக்கு வந்திருந்தப்ப நிறுத்தாம ஒரே அழுகை. அந்தப் பொண்ணு ரஞ்சனி, வார்டுல படுத்திருந்தது, எந்திரிச்சு வந்து நர்சுகிட்ட 'எங்கிட்டக் குடுங்க'ன்னு வாங்கிச்சு. அதுக்கு மார் கட்டிக்கிட்டு நைட்டியெல்லாம் நனைஞ்சிருந்தது. அது பாலத்தான் ரெண்டு நாள் இவ குடிச்சா."

ஸ்டெபி தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். பிறகு, "எம் பேரச் சொல்லிக் கேட்டீங்க" என்றாள். "இவளுக்கு ஒரு பேருகூட இல்ல அப்ப. எங்கிட்டக் கேட்டிருந்தா நான் இவளை விட்டுவெக்கத்தான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேட்டீங்க."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் தலையைத் தொடவில்லை. எழுந்து போய்க் குக்கரை அடுப்பில் வைத்தாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் சொன்னாள். "சனிக்கிழமை லோடு வேண்டாம்னு சொல்லிருங்க. சேரங்கோட்டுக்குப் போலாம்."

"பிள்ளைய எடுத்துட்டா? அவங்க வயிறு எரியாதா?"

"எம் பிள்ளைக்குப் பால் குடுத்தவ மொகத்தை நான் பாக்கோணும். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க என்ன சாட்சி சொன்னாலும் சொல்லிக்கோங்க."

சனிக்கிழமை விடிந்து வெயில் வந்தபிறகு கிளம்பினார்கள். பைக்காரா தாண்டி நடுவட்டத்தில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு ஸ்டெபி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். இந்த வழியில்தான் விஜயனும் ரஞ்சனியும் ஏறி வந்திருப்பார்கள் என்ற நினைப்பு அவனை விடவில்லை. எதிரே ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஓரங்கட்டி நிறுத்தினான். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன பிள்ளையைக் கேட்டு ஆண்டவர் ஏதாவது ஒரு வளைவில் நின்றுகொண்டிருப்பார் என்று அவன் நிஜமாகவே பயந்தான். இத்தனை நாளும் அவன் பயந்தது அதற்குத்தான். தொட்டால் தன்னுடையது என்று ஆகிவிடும். தன்னுடையது என்று ஆனால், சொன்ன சொல்லுக்கு அது கணக்காகிவிடும்.

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. தோட்டத்து லைன் வீடுகள் ஒரே சுவரில் ஒட்டி வரிசையாக இருந்தன. விஜயன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். முதலில் வண்டியைப் பார்த்தான், பிறகு ராஜரத்தினத்தை, பிறகு ஸ்டெபியின் கையிலிருந்ததை. கோடாலியைக் கீழே வைத்தான்.

"வாங்கண்ணே. வாங்க அக்கா. ரஞ்சனி கொழுந்து நிறுக்கப் போயிருக்கு, இப்ப வந்துரும்."

பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டான். ஸ்டெபி உட்கார்ந்தாள். ராஜரத்தினம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நினைத்தான். விஜயனை விறகுக் கட்டுக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய், நின்றபடியே, அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் கேட்டதைக் கேட்டபடியே சொன்னான். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

விஜயன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"அண்ணே, தேவாலா தாண்டுறப்பவே வயித்துல அசைவு நின்னுருச்சுன்னு ரஞ்சனி சொல்லிச்சு. ஒங்க ஆஸ்பத்திரியில மெசின் வச்சுப் பாத்துட்டு, துடிப்பு இல்லன்னு டாக்டரம்மா எங்கிட்டச் சொல்லிட்டாங்க. தாயையாவது பாப்போம்னாங்க. அதுக்கப்புறந்தான் நான் அந்த ஜன்னலுக்கு வந்தேன்."

ராஜரத்தினத்துக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நெஞ்சிலிருந்து ஒரு கல் நகர்ந்தது. அது முழுதாக விழுவதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"அப்புறம் எதுக்குங்க எங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணச் சொன்னீங்க?"

விஜயன் அவனைப் பார்க்காமல், பிளந்த விறகை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"ஒங்க சாமி செத்தவுங்கள எழுப்புன சாமின்னு சொல்லுவாங்களேண்ணே. கேட்டுப் பாப்பமேன்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன் ராஜரத்தினம். அந்த வராந்தாவில் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மாரியம்மனைக் கும்பிடுகிற இந்த ஆள் கேட்டிருக்கிறான். அவன் கையைப் பிடித்து, அவன் மூலமாகக் கேட்டிருக்கிறான். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் வேறு எதையோ கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

"மன்னிச்சிருங்க" என்றான்.

"விடுங்கண்ணே" என்றான் விஜயன். அவன் கண் கலங்கியிருந்தது. விறகு அடுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

ராஜரத்தினம் திரும்பி வந்தபோது ஸ்டெபி முந்தானையைச் சரிசெய்ய எழுந்து, கேட்காமலே குழந்தையை அவன் கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். அவன் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. மூக்கைச் சுருக்கி அவன் சட்டையில் முகத்தைத் தேய்த்தது. கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தைத் தவிர வேறு எந்தப் பயமும் அந்த நேரத்தில் அவனுக்கு இல்லை.

ரஞ்சனி வந்தாள். தலையில் சாக்கு, மேலே சிவப்பு ஸ்வெட்டர், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. அவர்களைப் பார்த்ததும் நின்றாள். பிறகு சாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயடியில் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள்.

"வளந்துட்டா" என்றாள்.

ஸ்டெபி அவள் தோளைத் தொட்டாள். "நீங்க குடுத்த பாலுதான்…"

"வேணாக்கா. சொல்லாதீங்க." சிரிக்கப் பார்த்தாள். "பேரு வச்சாச்சா?"

"நாளைக்குத்தான்."

ரஞ்சனி தலையாட்டினாள். குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். பிறகு ஸ்டெபியிடம், மிகவும் மெதுவாக, "ஒரு நிமிசம் மேல கொண்டுபோயிட்டு வரவாக்கா?" என்று கேட்டாள்.

எங்கே என்று ஸ்டெபி கேட்கவில்லை. தன் சால்வையை எடுத்துக் குழந்தையின் காதை மூடிச் சுற்றிவிட்டாள். ரஞ்சனி லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறத் தொடங்கினாள். ராஜரத்தினம் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். ஸ்டெபி அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"இருங்க."

"எங்க பையன அங்கதாண்ணே வச்சிருக்கோம்" என்றான் விஜயன், பின்னாலிருந்து. "சில்வர் ஓக்கு மரத்துக்குக் கீழ."

கேரளப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே மேட்டின் உச்சி இல்லாமல் போயிருந்தது. மரங்களின் அடிப்பாகம் மட்டும் நட்டுவைத்த கம்புகள்போலத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே சிவப்பு ஸ்வெட்டர் ஒருமுறை தெரிந்து, குனிந்து, வெள்ளைக்குள் போய்விட்டது. அவளுடைய குரல் வந்தது. யாருக்கோ யாரையோ காட்டிப் பேசுவதுபோலத் தணிந்த குரல். சொற்கள் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை எழுந்தது. கொஞ்ச நேரம் அழுதது. பிறகு அதுவும் நின்றது. கீழே மூவரும் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.