சத்தம் நீக்கிய அழுகை

செய்திச் சேனல் எடிட்டருக்கு, போர் தொடங்கியதிலிருந்து ஒரே உத்தரவு: சவப்பெட்டி வந்தால் அழுகையை எடுத்துவிட்டு அணிவகுப்பு இசையைப் போட வேண்டும்.

"அழுகைய கேட்டா நாளைக்கு எவன்யா சண்டைக்குப் போவான்?" என்பார் மேலதிகாரி.

வயிற்றுப்பாடு. எடிட்டரும் வாயை மூடிக்கொண்டு செய்தார். அந்தச் செய்திகளைப் பார்த்து நரம்பு முறுக்கேறித்தான் அவருடைய அக்கா மகன் பட்டாளத்தில் சேர்ந்தான்.

போர்முனைக்குப் போன ஒரே மாதத்தில் அவனும் பெட்டியில் வந்தான். அக்கா அலறிய அலறலில் தெருவே கலங்கியது. விடுப்பில் வந்திருந்த எடிட்டர்தான் அவளைத் தாங்கிப் பிடித்தார்.

மறுநாள் காலை டிவியில் அதே காட்சி. அக்காவின் வாய் திறந்திருந்தது; இசைதான் கேட்டது.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ட கிழியக் கத்துனேனேடா தம்பி, எங்க போச்சு? பெத்தவ அழவே இல்லன்னு ஊரு பேசாதா?"