நூற்றெண்பதாவது படி

பனியே விழாத திருத்தணியில் பனிச்சறுக்குப் பந்தயத்துக்குப் பயிற்சி முகாம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? மலையடிவாரத்து டீக்கடைக்காரர் வாய்விட்டே சிரித்தார். "ஐஸ் வேணும்னா சொல்லுங்க, மீன் மார்க்கெட்லேர்ந்து ரெண்டு பார் எடுத்தாந்து ரோட்ல போட்டுடறேன்" என்றார்.

சிரிக்கட்டும். நீளக் கட்டையின் இரு முனையிலும் சக்கரம், இரண்டு கையிலும் ஊன்றுகோல். அதை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினால், பனியில் ஏறும்போது கால்கள் படுகிற பாட்டை அப்படியே படும். பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீரில் கற்றுக்கொண்ட சந்திரமோகன் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். கோயிலுக்கு வண்டிகள் ஏறத் தொடங்குமுன் தினமும் பயிற்சி. பத்து நாள் முகாம், எட்டுப் பேர், தங்கல் ஒரு கல்யாண மண்டபத்தில். பெண்கள் இரண்டே பேர்: மணவூர் அனிதா, பொதட்டூர்பேட்டை மோனிகா.

முகாம் முடிவில் நடக்கும் பந்தயத்தில் ஜெயிக்கிற ஒரு பெண், ஒரே ஒரு பெண், தை மாதம் காஷ்மீருக்குப் போகலாம். நிஜப் பனி. இருவரும் மூன்று வருடமாக ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். இருவரில் மோனிகாதான் வேகம். அது அனிதாவுக்குத் தெரியும், சாருக்குத் தெரியும், அந்த டீக்கடைக்காரருக்கும்கூடத் தெரியும்.

முதல் நாளே சார் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "எலும்புல வலின்னா அன்னிக்கே எங்கிட்ட சொல்லணும். சின்னக் கீறல் இருக்கும், வெளிய தெரியாது. அதோட ஓடினா ரெண்டா போயிடும். கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சாலும் சொல்லணும், புரியுதா?" எட்டுப் பேரும் கோயில் மாடுமாதிரி தலையாட்டினார்கள்.

பயிற்சி காலையோடு சரி. மற்ற நேரத்தில் சார் ஊர் சுற்றிக் காட்டினார். மூன்றாம் நாள் அரக்கோணத்துக்குப் போய், கடற்படை விமானங்கள் இறங்குவதைச் சாலையோரம் நின்று பார்த்தார்கள். தலைக்குமேல் ஒன்று போனபோது, பையன்களில் ஒருவனான உதயா எகிறிக் குதித்து, "சார், காஷ்மீருக்கு இதுலயே ஏத்திவுட்டுடுங்க" என்று கத்தினான். எல்லோரும் குதித்தார்கள். மோனிகா மட்டும் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். தலைவலி என்றாள்.

ஐந்தாம் நாள் மோனிகா வீட்டில் மதியச் சாப்பாடு. கூடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு தறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவள் அம்மா சுஜாதா அவற்றை நிறுத்திவிட்டு, எட்டுப் பேருக்கும் தன் கையாலேயே கோழிக்குழம்பு பரிமாறினாள். ஆளுக்கொரு லுங்கியும் கொடுத்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து விரித்துக் காட்டினாள். மகள் பனிக்குப் போவாள் என்று முன்கூட்டியே வாங்கிவைத்தது. "இன்னும் செலக்சனே ஆவல, அதுக்குள்ள மானத்த வாங்காதம்மா!" என்று மோனிகா அதைப் பிடுங்கி உள்ளே எறிந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அனிதாவும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அந்தச் சிவப்பு கண்ணை விட்டுப் போகவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் படிபூஜை. மலைக்கோயிலுக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, வருடத்தின் நாளுக்கு ஒன்றாக. ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டே ஏறுவது வேண்டுதல். அணியே சேர்ந்து செய்யலாம் என்று யோசனை சொன்னதும் மோனிகாதான். அனிதா மஞ்சள், மோனிகா குங்குமம், உதயா சூடம். மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். வழியில் சூடம் தீர்ந்து, வாங்கிவர உதயா கீழே ஓடினான்.

நூற்றெண்பதாவது படியில் மோனிகா குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

மோனிகா பேன்ட்டை முழங்கால்வரை மடித்தாள். முன்னங்கால் எலும்பின்மேல் ஓரிடம் வீங்கிச் சிவந்திருந்தது. அனிதா விரல் வைத்ததும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா?"

"முகாமுக்கு வரதுக்கு முன்னாடியே இருக்குது. இன்னும் ரெண்டு நாள்தான்டி. பந்தயம் முடிஞ்சதும் காட்டிக்கிறேன். சாருக்குத் தெரிஞ்சா இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"மோனி, சார் சொன்னாரே..."

"சொல்லமாட்டேன்னு தணிகை முருகன்மேல சத்தியம் பண்ணு." படியில் எரிந்துகொண்டிருந்த கடைசிச் சூடத்தைக் காட்டினாள்.

அனிதா உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். கை சுட்டது. சாமி சத்தியம், மீறக்கூடாது, சரிதான். ஆனால் சூடம் அணைந்த அந்த நொடியில் அவள் மனசுக்குள் இன்னொன்றும் ஓடியது: இந்தக் காலோடு இவளால் என்னை முந்த முடியாது. அடிப்பாவி! யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் கேட்காமல், அதுவாகவே வந்த நினைப்பு. மிச்சப் படிகளுக்கு மஞ்சளோடு குங்குமத்தையும் அவளே வைத்தாள். கோயில் வாசலில் நின்றிருந்த சார், "ரெண்டு பேரும் எப்பவும் இப்டியே இருக்கணும்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மறுநாள் முழுக்க இருந்தது. அன்றும் திறக்கவில்லை.

பத்தாம் நாள் விடியலில் பந்தயம். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்பவேண்டும். மோனிகா முதலில் போனாள், அடுத்து அனிதா. இரண்டாவது வளைவு திரும்பியதும் மோனிகா தார்ரோட்டில் கிடந்தாள். கால் இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. அனிதாவின் ஊன்றுகோல் நின்றது.

"நிக்காதடி! போ!" என்று வலியில் அலறினாள் மோனிகா. "நின்னா ரெண்டு பேருக்குமே இல்லாம போயிடும். போடி!"

அனிதா போனாள். பின்னால் வந்த உதயாதான் கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மோனிகாவைத் தூக்கினான். அனிதா அழுதுகொண்டேதான் ஏறினாள், ஆனால் ஏறினாள். காஷ்மீருக்கான பட்டியலில் அவள் பெயர் வந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் பொதட்டூர்பேட்டை போக அவளுக்குத் தைரியம் வந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மோனிகா கட்டிலில், காலில் கம்பிகளோடு படுத்திருந்தாள். இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. சுஜாதா தறியை நிறுத்திவிட்டு வந்து அனிதாவின் கன்னத்தைத் தடவினாள். தடவும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா கண்ணு? கீறல் ஒரு மாசத்துக்கு முந்தியதாம். சும்மா ஒரு மாசம், ஒன்றர மாசம் படுத்திருந்தா ஒட்டியிருக்குமாம். இனிமே நடக்கலாமாம், ஓடக்கூடாதாம். யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காத புடிச்சி வூட்டுக்கு இழுத்தாந்திருப்பேனே!" மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். "நீ கூடவே இருந்தியேம்மா. உனக்காச்சும் தெரியுமா?"

அனிதாவுக்கு உள்ளங்கை எரிந்தது. வாய் திறந்தது.

"அவளுக்கு எப்டிம்மா தெரியும்?" மோனிகா முந்திக்கொண்டாள். "நான் யாருக்கும் காட்டல." சொல்லிவிட்டு அனிதாவைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. சத்தியத்தைக் காப்பாற்றினாயே என்று நன்றி சொல்கிற பார்வை. கொஞ்சம் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஆங், உனக்கு எப்டித் தெரியும், பாவம்" என்றாள் சுஜாதா. உள்ளே போய் அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துவந்தாள். "இவளுக்கு எதுக்கு இனிமே? நீ போட்டுகினு போ. இவளே போன மாதிரி இருக்கும் எங்களுக்கு."

"வேணாம் அத்தை..."

"போட்டுப் பாரு கண்ணு. அளவு பாக்கணும்ல."

"போடுடி" என்றாள் மோனிகா கட்டிலிலிருந்து.

மதிய வெயிலில், நின்றுபோன தறிகளுக்கு நடுவே, அனிதா ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டினாள். சுஜாதா கைகளை இழுத்துவிட்டாள், தோளைச் சரிசெய்தாள், கழுத்தோரத்தை மடித்துவிட்டாள். அனிதா தேம்பித் தேம்பி அழுதாள். சிநேகிதிக்காக அழுகிறாள் என்று நினைத்து, சுஜாதா அவளை அணைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதம்மா. பாரு, உனக்குன்னே எடுத்தாப்ல சரியா கீது."